தோளில் விழும் பத்து கிலோ
(மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன்)



போன வருஷம் என்.சி.சி. கேம்ப்பில் முதலில் .22 ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுடக் கொடுத்தார்கள். தட்டினது கூடத் தெரியவில்லை. "இவ்வளவுதானா!" என்று ஒரு தைரியம் வந்துவிட்டது. மறுநாள் 7.62 எஸ்.எல்.ஆர். கைக்கு வந்தது. "பட்டைத் தோளோட ஒட்டிப் பிடி தம்பி, இடைவெளி விடாதே" என்று ஹவில்தார் இரண்டு தடவை சொன்னார். பக்கத்து லேனில் ஒருவன் சுட்ட சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் பயம். பயத்தில் என்ன செய்தேன் என்றால், துப்பாக்கியைத் தோளிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்தேன். அடி விழுவதற்கு முன்னால் கொஞ்சம் தூரம் இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பு.

அன்றைக்கு ராத்திரி காலர் எலும்புக்குக் கீழே ஒரு தோசை அளவுக்குக் கன்றிப் போயிருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மா உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தார். அப்பா மண்டியில் மூட்டை இறக்குகிறவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "லாரி மேலேருந்து மூட்டை வரும்போது முதுகைத் தள்ளி வச்சு வாங்குவியா? முதுகுல ஒட்ட வாங்கி, மூட்டையோட சேந்து நீயும் இறங்கணும்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் சொன்னதைத்தான் நாம் முதல் வருஷம் 'கணத்தாக்கு' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்தோம்.

இதே விஷயத்தில் நான் வைவாவிலும் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். "துப்பாக்கி சுடும்போது குண்டுக்கும் துப்பாக்கிக்கும் எது சமம்?" என்று சார் கேட்டார். "ஆற்றல் சார்" என்றேன். சார் சிரித்துவிட்டு, "ஆற்றல் சமமா இருந்தா சுடறவனும் சேர்ந்து செத்துப் போவானேப்பா" என்றார். அன்றைக்கு வந்த வெட்கத்தில்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க என் கவனம் உலகத்திலேயே பெரிய வாய் உள்ள கைத்துப்பாக்கிகள் பக்கம் போய்விட்டது. பின்னுதை என்றால் என்ன என்பதை அவற்றை வைத்துப் பார்த்தால் மறக்கவே மறக்காது.

முதலில் எஸ்.எல்.ஆரையே எடுத்துக்கொள்வோம். குண்டு 9.3 கிராம், வேகம் வினாடிக்கு சுமார் 840 மீட்டர். உந்தம் என்பது நிறை × திசைவேகம். 0.0093 × 840 = 7.8 கி.கி. மீ/வி. சுடுவதற்கு முன் மொத்த உந்தம் பூஜ்யம், சுட்ட பிறகும் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே துப்பாக்கியும் பின்பக்கமாக அதே 7.8-ஐ எடுத்துக்கொள்ளும். துப்பாக்கியின் நிறை 4.4 கிலோ என்றால் அதன் வேகம் 7.8 ÷ 4.4 = வினாடிக்கு 1.8 மீட்டர்.

இப்போது ஆற்றலைப் பாருங்கள். குண்டுக்கு சுமார் 3,280 ஜூல். துப்பாக்கிக்கு வெறும் 7 ஜூல். உந்தம் சமம், ஆற்றல் சமமில்லை. எத்தனை மடங்கு நிறை வித்தியாசமோ அத்தனை மடங்கு ஆற்றல் வித்தியாசம், இங்கே சுமார் 470 மடங்கு. ஆற்றலில் பெரும்பங்கை லேசான பொருளே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சுடுகிறவன் உயிரோடு இருப்பது இதனால்தான்.

ஆனால் புத்தகக் கணக்கில் ஒன்று விட்டுப் போகிறது. குழாயிலிருந்து குண்டு மட்டுமா வெளியே போகிறது? எரிந்த மருந்தின் வாயுவும் போகிறது. மூன்று கிராம் மருந்து என்றாலும் அந்த வாயு வினாடிக்கு 1,200 மீட்டர் அளவில் பாய்கிறது என்று வைத்தால் இன்னொரு 3.6 உந்தம் சேரும். மொத்தம் 11.4. துப்பாக்கியின் வேகம் 2.6 மீட்டர், ஆற்றல் 15 ஜூல். வாயுவைச் சேர்த்ததும் ஆற்றல் இரண்டு மடங்காகிவிட்டது! பரீட்சையில் வாயுவை விட்டுவிடலாம். தோளில் விட முடியாது.

இனி பெரிய துப்பாக்கிகளுக்கு வருவோம்.

பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளை 'போர்' எண் வைத்துச் சொல்வார்கள். 12 போர் என்று நாமும் கேள்விப்பட்டிருக்கிறோம். எண் பெரிசானால் துப்பாக்கி பெரிசு என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நேர் எதிர். ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக வார்த்தால் ஒரு உருண்டை அந்தக் குழாய்க்குள் சரியாக உட்காருமோ, அதுதான் போர் எண். 12 உருண்டை என்றால் 12 போர். நாலே உருண்டை என்றால் 4 போர், அதாவது ஒரு உருண்டை கால் பவுண்டு.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பவுண்டு 453.6 கிராம். நாலில் ஒரு பங்கு 113.4 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34. வகுத்தால் அச்சாக 10 க.செ.மீ.! கோளத்தின் கன அளவு வாய்பாட்டில் போட்டால் விட்டம் 26.7 மில்லிமீட்டர். 12 போருக்கு இதையே செய்தால் 18.5 மில்லிமீட்டர் வரும். ஒர்க்‌ஷாப்பில் 25 மி.மீ. உருளைக் கம்பியை லேத்தில் பிடித்திருப்பீர்கள். அதுவே நுழையக்கூடிய வாய் உள்ள ஒன்றைத் தோளில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பெரிசு? காரணம் கருமருந்து. அதை எவ்வளவு கூடுதலாகப் போட்டாலும் குண்டின் வேகம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. வினாடிக்கு 400, 450 மீட்டர், அவ்வளவுதான். வேகத்தைக் கூட்ட வழியில்லை, யானையோ நாலைந்து டன். மிச்சம் இருந்த ஒரே வழி குண்டின் நிறையைக் கூட்டுவது. அப்படி வந்தவைதான் 8 போரும் 4 போரும்.

இந்தக் கதையில் நம் பக்கத்து இலங்கை பெரிய இடம் பிடிக்கிறது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்தார். பின்னால் ஆப்பிரிக்காவில் நைல் நதியைத் தேடிப் போய்ப் பேர் வாங்கியவர் இவர்தான். இலங்கைக்குப் போகும் முன்பே, 1840-ல், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற பட்டறையில் ஒரு 4 போர் ரைஃபிள் செய்யச் சொல்லி வாங்கினார். எடை 21 பவுண்டு, குழாய் நீளம் 36 அங்குலம், மருந்து 16 டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ். கூம்புக் குண்டு 4 அவுன்ஸ்.

இந்த அளவுகளை எஸ்.எல்.ஆர். கணக்கில் அப்படியே போடுங்கள். துப்பாக்கி 9.5 கிலோ. குண்டு 113 கிராம், வேகம் 400 மீட்டர் என்று வைப்போம். குண்டின் உந்தம் மட்டும் 45. மருந்து 28 கிராம், அதன் வேகம் குண்டைப்போல் ஒன்றரை மடங்கு என்றால் இன்னொரு 17. மொத்தம் 62. துப்பாக்கி பின்னால் வரும் வேகம் வினாடிக்கு 6.5 மீட்டர், ஆற்றல் 200 ஜூல். என் தோளைக் கன்ற வைத்தது 15 ஜூல்!

200 ஜூல் என்றால் மனசில் பதியாது. வேறு விதமாகச் சொல்கிறேன். ஒரு பொருள் வினாடிக்கு 6.5 மீட்டர் வேகம் எடுக்க வேண்டுமானால் 2.15 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் கிடக்கும் பத்து கிலோ எடைக்கல்லை ஏழடி உயரத்திலிருந்து உங்கள் தோளில் போடச் சொல்லுங்கள். அதுதான் 4 போர்.

பேக்கருக்கு அதுவும் போதவில்லை. ஆப்பிரிக்காவுக்கு 'பேபி' என்று ஒன்றை எடுத்துப் போனார். ஹாலந்து பட்டறையில் செய்தது, அரை பவுண்டு வெடிகுண்டைச் சுடக்கூடியது, எடை 20 பவுண்டு. அதாவது 2 போர். அவருடன் போன அரபுக்காரர்கள் அதற்கு பீரங்கியின் பிள்ளை என்று பொருள்படப் பேர் வைத்தார்கள். சுட்டால் ஆளையே சுழற்றிவிடும் என்றும், அதைச் சுடவே தனக்கு பயம் என்றும் பேக்கரே எழுதியிருக்கிறார். அத்தனை பெரிய வேட்டைக்காரர் தன் துப்பாக்கிக்குப் பயந்தார் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

சுழற்றியது ஏன் என்று யோசித்தேன். வலது தோள் உடம்பின் நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. உதை அங்கே விழுவதால் திருப்புத்திறன் உண்டாகிறது. நின்று சுடுகிறவன் சுழன்று பின்னால் போவான். ஒரு வகையில் அது அவனைக் காப்பாற்றுகிறது, மூட்டையோடு சேர்ந்து இறங்குவது மாதிரி. குப்புறப் படுத்துச் சுட்டால் உடம்பு பின்னால் நகர முடியாது, அடி முழுவதும் தோளில்தான். எஸ்.எல்.ஆரை நான் சுட்டதும் படுத்துக்கொண்டுதான்.

யானைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லை. அதே இலங்கையில் மேஜர் ரோஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறு யானைகள் வரை சுட்டதாகச் சொல்கிறார்கள். 1845-ல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அந்தக் காலத்தில் யானை பயிருக்கு எதிரி, அதைச் சுட அரசாங்கமே பணம் கொடுத்தது, எல்லாம் சரி. இருந்தாலும் ஆயிரத்து நானூறு! இயந்திரவியல் மாணவனாக 4 போரைப் பார்த்து வாயைப் பிளக்கிறேன். அது எதற்காகச் செய்யப்பட்டது என்று நினைத்தால் வாய் மூடிக்கொள்கிறது.

1890-களில் புகையில்லா மருந்து வந்தது. வேகம் வினாடிக்கு 600 மீட்டரைத் தாண்டியதும் பெரிய வாய் தேவைப்படவில்லை. ரிக்பி கம்பெனி 1898-ல் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் 4 போரில் பாதி விட்டம்கூட இல்லை, ஆனால் யானைக்குப் போதும்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. இந்தியாவிலும் சூடானிலும் அரசாங்கத்தை எதிர்ப்பவர்கள் கையில் பழைய ராணுவ மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் இருந்தன. அவையும் .450 விட்டம். வேட்டைக்காரர்களின் தோட்டா அவர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து, 1907 வாக்கில் அந்த விட்டத்தையே இந்த இரண்டு நாடுகளிலும் தடை செய்தார்கள். லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்களுக்கு இந்தியா பெரிய சந்தை. விடுவார்களா? .465, .470, .475 என்று தடையைக் கொஞ்சம் தாண்டி ஒவ்வொரு கம்பெனியும் ஒரு புது அளவு செய்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்!

அந்த யோசனை இன்னும் போகவில்லை. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் ராணுவத் தோட்டாவான .303 தனியாருக்குக் கிடையாது. அதனால்தான் ஈசாப்பூர் தொழிற்சாலையில் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் செய்தார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் உள்ளவரும் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1968 சட்டப்படி வாய் விட்டம் அரை அங்குலத்தைத் தாண்டினால் அது 'நாசகார சாதனம்' என்ற வகையில் சேரும். பதிவு செய்து 200 டாலர் வரி கட்ட வேண்டும். 12 போரும் அரை அங்குலத்துக்கு மேல்தான், ஆனால் வேட்டைத் துப்பாக்கி என்று விலக்கு உண்டு. இதில் .50 பிரௌனிங் தோட்டா சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறது. அரை அங்குலத்தைத் தாண்டவில்லை. முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் ஜான் பிரௌனிங் கனரக இயந்திரத் துப்பாக்கிக்காக உருவாக்கிய தோட்டா அது. 1982-ல் ரானி பாரெட் என்பவர், தொழிலில் போட்டோகிராபர், அதைத் தோளில் வைத்துச் சுடும் ரைஃபிள் ஒன்றை வரைய ஆரம்பித்தார். 1985-லிருந்து அங்கே .50 காரர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, ஆயிரம் கஜ தூரத்துக்குப் போட்டி வைக்கிறார்கள். கலிபோர்னியா மாநிலம் 2005 முதல் புதிதாக வாங்குவதைத் தடை செய்தது.

அதற்கும் மேலே ஒன்று, .950 ஜே.டி.ஜே. வாய் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். குண்டு 233 கிராம், வேகம் வினாடிக்கு 670 மீட்டர், ஆற்றல் 52,000 ஜூலுக்கு மேல். விளையாட்டுத் துப்பாக்கி என்று விலக்கும் வாங்கிவிட்டார்கள்! எந்த மிருகத்தை வேட்டையாட என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. குண்டின் உந்தம் மட்டுமே 156. பேக்கரின் 9.5 கிலோ துப்பாக்கியில் இதைச் சுட்டால் அது வினாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும், மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம். அதனால் துப்பாக்கியையே 50 கிலோ வரைக்கும் கனமாகச் செய்தார்கள். வேகம் 3.1 மீட்டராக இறங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு நடக்கத்தான் முடியாது.

உதையைக் குறைக்க இன்னொரு வழி வாயு. மேலே வாயுவுக்குத் தனிக் கணக்கு போட்டோம் இல்லையா? குழாயின் நுனியில் பக்கவாட்டில் துளை வைத்த ஒரு துண்டை மாட்டி, முன்னால் போகிற வாயுவைப் பக்கமாகவும் பின்பக்கமாகவும் திருப்பிவிட்டால் அந்தப் பங்கு குறைகிறது, துப்பாக்கியை முன்னுக்கும் கொஞ்சம் இழுக்கிறது. இதற்கு மஸ்ஸில் பிரேக் என்று பேர். பக்கத்தில் நிற்பவன் காது போய்விடும் என்பது வேறு விஷயம்.

தோளை விட்டுக் குழாய்க்கு வருவோம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர் உள்ளவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். .50 தோட்டா வெடிக்கும்போது உள்ளே அழுத்தம் சுமார் 380 மெகா பாஸ்கல். தோட்டா அறையின் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 50 மி.மீ. என்று எடுத்து லாமே வாய்பாட்டில் போட்டால் உள்சுவரில் வளைய இழுவிசை சுமார் 525 மெகா பாஸ்கல் வருகிறது. நம்ம ஒர்க்‌ஷாப் மைல்டு ஸ்டீல் 250-லேயே இளகிவிடும். குரோம்-மாலிப்டினம் எஃகைப் பதப்படுத்திச் செய்வது அதனால்தான். பின்பக்கமாகத் தள்ளும் விசையையும் பாருங்கள். தோட்டாவின் உள்விட்டம் 18 மி.மீ. என்றால் சுமார் 97 கிலோ நியூட்டன். பத்து டன், ஒரு லாரி லோடு! அதை ஒரு சின்ன மூடியோ பூட்டோ தாங்க வேண்டும்.

தாங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது. ஒருவர் ஒற்றைத் தோட்டா .50 ரைஃபிளில் பழைய ராணுவ வகைத் தோட்டா ஒன்றைச் சுட்டார். அழுத்தம் எல்லை மீறியது. பின்பக்கம் மரை போட்டுத் திருகும் மூடி, அதன் மரைகள் பிய்ந்து மூடி தெறித்து, ஒரு துண்டு அவர் கழுத்து ரத்தக் குழாயை அறுத்துவிட்டது. காயத்துக்குள்ளேயே கட்டை விரலை வைத்து அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தார். மரை வெட்டுத் தகைவு கணக்கை வெறும் மார்க்குக்காகப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, இதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊர்ப்பக்கம் குழாயை வைத்து நாட்டுத் துப்பாக்கி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குழாயில் நீளவாக்கில் வெல்டிங் தையல் இருக்கும். வளைய இழுவிசை பிரித்துப் பார்ப்பது அந்தத் தையலைத்தான். யார் எவ்வளவு கூப்பிட்டாலும் பக்கத்தில்கூட நிற்காதீர்கள்.

கடைசியாக நம்ம திருச்சி. 1966-ல் தொடங்கிய திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் 'வித்வன்சக்' என்ற பெரிய ரைஃபிள் தயாராகிறது. மனிதர்களைவிட வண்டி, ரேடார், பதுங்குகுழி போன்றவற்றைத் தாக்குவதற்காக உள்ளது. எல்லைப் பாதுகாப்புப் படைக்குக் கொடுத்திருக்கிறார்கள். குழாயையும் போல்ட்டையும் மாற்றினால் 12.7, 14.5, 20 மி.மீ. என்று மூன்று விட்டத்திலும் சுடலாம். இதே மாதிரி விட்டம் மாற்றும் தென்னாப்பிரிக்க என்.டி.டபிள்யூ-20 ரைஃபிளில் மஸ்ஸில் பிரேக்கோடு ஹைட்ராலிக் டேம்பரும் உண்டு, மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பர் செய்கிற அதே வேலை. உதையின் அளவைக் குறைக்காமல் நேரத்தை நீட்டும். 62 உந்தத்தை 0.02 வினாடியில் நிறுத்தினால் விசை 3,100 நியூட்டன், 0.1 வினாடியில் நிறுத்தினால் 620-தான். அப்பா முதுகு வளைந்து கொடுப்பதும் இந்த நேரத்துக்காகத்தான்.

20 மி.மீ. குண்டு சுமார் 110 கிராம், பேக்கரின் 4 போர் குண்டு அளவுதான். வேகம் மட்டும் சுமார் 720 மீட்டர். துப்பாக்கி 28 கிலோ என்று வைத்து, வாயுவை விட்டுவிட்டு, பின்னுதை வேகம் கண்டுபிடியுங்கள். எனக்கு 2.8 வந்தது. வேறு விடை வந்தவர்கள் மதிய இடைவேளையில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வாருங்கள், போர்டில் போட்டுப் பார்த்துவிடலாம்.